வாங்கிய காசும் வளர்ந்துபோன திட்டமும்

 

போன கிழமை ஓ.எல். வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், ஒரு வீடியோ கேமுக்குப் பத்து வருசத்துக்கும் மேலாகச் சனத்திடம் காசு வாங்குறாங்களாம். இன்னும் முடிக்கலையாம். உண்மையா?"

உண்மைதான். அந்த வரலாறு நமக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2012 பெப்ரவரியில் டிம் ஷேஃபர் என்ற அமெரிக்கர், ஒரு விளையாட்டைத் தயாரிக்க கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளம் வழியாகப் பொதுமக்களிடம் 4 இலட்சம் டொலர் கேட்டார். சுமார் ஒரு மாதத்தில் 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் முடிப்பதாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் காசு எட்டு மடங்கானதும் திட்டமும் பெருத்தது. 2013இல், கையிலிருப்பது போதாது என்று அவரே அறிவித்தார். விளையாட்டை இரண்டாகப் பிரித்து, 2014 ஜனவரியில் ஒரு பாதியையும் 2015 ஏப்ரலில் மறுபாதியையும் கொடுத்தார். பிந்தினாலும் கொடுத்துவிட்டார்.

மாணவன் கேட்டது ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி. கிறிஸ் ராபர்ட்ஸ் அதை அறிவித்ததும் 2012இல்தான். சொன்ன தவணை 2014 நவம்பர். ஒவ்வொரு பத்து இலட்சம் டொலர் சேரும்போதும் புதிய கப்பல், புதிய நட்சத்திர மண்டலம் என்று வாக்குறுதிகள் கூடின. சேர்ந்த பணம் இன்று 70 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. பரீட்சார்த்த வடிவத்தை விளையாடலாம். சொன்னபடி முழு விளையாட்டு இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அது பழையவற்றோடு பொருந்த வேண்டும். அதற்காக முடித்த வேலையையும் பிரித்துச் செய்ய வேண்டும். ஒரு மாடிக்குப் போட்ட அத்திவாரத்தில் இரண்டாம் மாடி கட்ட நினைப்பது போலத்தான்.

முன்கூட்டியே காசு சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்குப் பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் பணம் திரட்டினார். ஏடு தேடும் வேலைக்கு முடிவே கிடையாது. இன்னும் நல்ல பிரதி வரட்டும் என்று அவர் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்கலாம். அவர் 1887இல் புத்தகத்தை வெளியிட்டார். திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது 1907இல். இடைப்பட்ட காலத்தில் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தார். கொடுப்பதாகச் சொன்னதை முதலில் கொடுத்தார். மெருகேற்றுவதை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொண்டார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு நூலக அறை என்று சொல்லித்தான் நாம் காசு சேர்த்தோம். கடைக்காரர்கள் தந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பினார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா சம்பள நாளன்று 500 ரூபா தந்து, "புள்ளைங்க படிக்கட்டும் சேர்" என்றார். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் சேர்ந்ததும் கணினி அறை, மேடை, மேல்மாடி என்று திட்டம் நீண்டது. இன்று சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. உள்ளே புல் முளைத்திருக்கிறது.

யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கணினி அறையையும் சேர்ப்போம் என்று அந்தக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்தான்.

அந்த அம்மாவின் 500 ரூபா நம்மிடம் உள்ள அமானிதம். அவர் மேடைக்குத் தரவில்லை, மேல்மாடிக்கும் தரவில்லை. அவருடைய மகள் அடுத்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன். இருக்கிற சுவருக்குக் கூரை போடுவோம், புத்தகங்களை அடுக்குவோம், வரவு செலவுக் கணக்கைக் கதவில் ஒட்டுவோம். மற்றவை இரண்டாம் பதிப்பில், இன்ஷா அல்லாஹ். எல்லோரும் வாருங்கள்.