இதய வால்வு மாற்று அறுவைக்குப் பின் இயல்பு வாழ்க்கை

பழுதடைந்த இதய வால்வை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் செயற்கை வால்வைப் பொருத்துவது வால்வு மாற்று அறுவை. இதயத்தின் நான்கு வால்வுகளில் பெரும்பாலும் மாற்றப்படுபவை இடப்பக்கத்து இரண்டுமே: மைட்ரல் வால்வும் பெருந்தமனி வால்வும். அறுவை முடிந்தவர் எப்போது நடக்கலாம், எப்போது வேலைக்குப் போகலாம், எதை இனித் தொடவே கூடாது என்பவற்றை மூன்று விஷயங்கள் முடிவுசெய்கின்றன. பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு ஒட்ட வேண்டும்; நோயால் களைத்த இதயத் தசை தேற வேண்டும்; பொருத்தப்பட்ட வால்வுக்கு உடம்பு பழக வேண்டும். முதல் இரண்டும் மாதக்கணக்கில் தீர்ந்துவிடும். மூன்றாவது ஆயுள் முழுக்கத் தொடரும். வீட்டார் அஞ்சுவதெல்லாம் இதயத்தை நினைத்துத்தான். ஆனால் முதல் மூன்று மாதங்களில் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது எலும்பை. அதன் பிறகு ரத்தத்தை.

மேலைநாடுகளில் வால்வு மாற்றப்படுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். வயதின் காரணமாகப் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போவதே அங்கே முக்கியக் காரணம். இந்தியாவில் கதை வேறு. பள்ளிப் பருவத்தில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல் வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடுகிறது. அதனால் இங்கே அறுவைக்கு வருவோரில் இருபது, முப்பது வயதுக்காரர்கள் நிறைய. வயல் வேலை, கட்டட வேலை, பிள்ளைப்பேறு எல்லாம் அவர்களுக்கு இனிமேல்தான் இருக்கின்றன. ஓய்வுபெற்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மேலைநாட்டு அறிவுரைகள் இவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

தோற்றம். நோயுற்ற வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தும் அறுவை 1960இல் வெற்றிகண்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அறுவை நிபுணர் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வை உருவாக்கினார்கள். அதைப் பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவர் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்தார். அவர் இறந்தது இதய நோயால் அல்ல, வீட்டுக்கு வண்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து. இயல்பு வாழ்க்கை திரும்பியதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. இந்தியாவின் சொந்த வால்வு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவானது. முந்தைய மாதிரிகள் தோற்று, நான்காவது மாதிரியே 1990 டிசம்பர் 6 அன்று முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டைக் கொண்ட இந்த வால்வு, டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் விற்பனையாகிறது. வெளிநாட்டு வால்வுகளின் விலை எட்டாத பல குடும்பங்களுக்கு இது உயிர் கொடுத்தது.

நெஞ்செலும்பு. வழக்கமான அறுவையில் நெஞ்செலும்பை நெடுக்காக அறுத்து, முடிந்தபின் எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பி உள்ளேயே தங்கிவிடும். எலும்பு ஓரளவு கூட ஆறு முதல் எட்டு வாரம், நன்றாக இறுக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இந்தக் காலத்தில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே பொதுவான கட்டளை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும்; நம் வீடுகளில் கடைப்பிடிப்பதுதான் கடினம். தண்ணீர் நிறைந்த குடம் பத்துக் கிலோவைத் தாண்டும். நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் முப்பது கிலோவை நெருங்கும். ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையும் பாரமே. தூக்காமல், உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளலாம்.

பாரத்தைவிட ஆபத்தானது, நினைக்காமல் செய்துவிடும் அசைவு. தரையில் பாயிலிருந்து கையை ஊன்றி எழுவதும், ஓடும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் பாரம் முழுவதையும் நெஞ்செலும்பின் மேல் இறக்கும். கட்டில் நல்லது. ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, அந்த வேகத்தில் எழுந்து உட்காரப் பழக வேண்டும். குந்தி எழும் கழிப்பறையைவிட உட்காரும் கழிப்பறை சில வாரங்களுக்கு வசதி. இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் நுரையீரலில் சளி தங்கும். கார் ஓட்ட நான்கு முதல் ஆறு வாரமும், இருசக்கர வண்டிக்கு மூன்று மாதம் வரையும் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அசையும்போதோ இருமும்போதோ நெஞ்செலும்பில் எலும்போடு எலும்பு உரசுவதுபோல் உணர்ந்தாலும், தையலில் நீர் கசிந்தாலும் அறுவை செய்தவரிடம் உடனே காட்ட வேண்டும்.

நடை. எளிய பயிற்சி நடைதான். மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் சமதரையில் ஐந்து, பத்து நிமிடம் எனக் காலை மாலை நடந்து, மெல்லக் கூட்டி, ஒன்றரை மாதத்தில் தொடர்ந்து அரை மணி நேரம் என்ற அளவை எட்டலாம். அளவுகோல் எளிது: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். நாடியை எண்ணி வேகத்தை முடிவுசெய்வது பலருக்கு உதவாது, ஏனெனில் அறுவைக்குப் பின் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். டென்மார்க்கில் வால்வு அறுவை முடிந்த 147 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரப் பயிற்சி பெற்றவர்களின் உடல் திறன் மற்றவர்களைவிடக் கூடியது. ஆனால் மனநலத்தில் அந்த வேறுபாடு தென்படவில்லை. தசைக்கு உதவிய பயிற்சி மனத்தை எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, நாக்கில் ருசியின்மை, எரிச்சல் ஆகியவை வருவது மிகச் சாதாரணம். வீட்டில் இதைப் பிடிவாதம் என்றோ தைரியக் குறைவு என்றோ எண்ணிவிடுகிறார்கள். இது அறுவையின் பின்விளைவுகளில் ஒன்று. பல வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லிச் சிகிச்சை பெற வேண்டியதும்கூட. முதல் சில நாட்களில் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் வால்வு அறுவை முடிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நேர்கிறது. பெரும்பாலும் மருந்தால் கட்டுப்படும்.

நெடுநாள் கசிந்த வால்வால் இதயம் ஏற்கெனவே பெருத்துப்போயிருந்தால், புதிய வால்வு நன்றாக வேலை செய்தாலும் மூச்சிரைப்பு முழுவதும் போகாமல் இருக்கலாம். அறுவையைத் தள்ளிப்போட்டதன் விலை அப்போதுதான் தெரியவரும்.

வால்வின் வகை. விலங்குத் திசுவால் ஆன வால்வு பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டு உழைக்கும். பலருக்குச் சில மாதங்களுக்குப் பின் ரத்தம் உறையாமைக்கான மருந்து தேவைப்படாது. ஆனால் வயது குறையக் குறைய இது விரைவில் தேய்ந்து, மறு அறுவைக்குக் கொண்டுவந்து விடும். உலோக வால்வு தேயாது. ஆனால் அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை நாள்தோறும், ஒரே நேரத்தில், ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு சாதாரணமாக 1. பெருந்தமனி வால்வு மாற்றியவருக்கு 2 முதல் 3 வரையும், மைட்ரல் வால்வு மாற்றியவருக்கு 2.5 முதல் 3.5 வரையும் வைத்திருக்க முயல்வார்கள். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. பரிசோதனை தேவையில்லாத புதிய மருந்துகளுக்கு மாறிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். உலோக வால்வுக்காரர்களிடம் டாபிகட்ரான் மருந்தைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது. உலோக வால்வுக்கு இன்றும் பழைய மாத்திரைதான்.

இந்த மாத்திரையின் வேலையை உணவிலுள்ள வைட்டமின் கே எதிர்க்கிறது. அதனால் கீரையே தொடக் கூடாது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள்; அது தவறு. ஒரு மாதம் விட்டுவிட்டு ஒரே வாரத்தில் தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுவதுதான் கெடுதல். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால், மாத்திரை அளவை அதற்கேற்பப் பொருத்திக்கொள்ளலாம். மருந்துக்கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகள், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணம், லேகியம் ஆகியவை கீரையைவிட ஆபத்தானவை. இடுப்பிலும் கையிலும் தசையில் போடும் ஊசியையும் கூடிய வரை தவிர்க்க வேண்டும்.

வேலையும் விளையாட்டும். மேசை வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரத்திலும், உடலுழைப்புக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்த்துவிட்டும் திரும்பலாம். வேக நடை, நீச்சல், சைக்கிள், இறகுப்பந்து எல்லாம் நாளடைவில் முடியும். உலோக வால்வுக்காரர் விட வேண்டியவை மோதலும் விழுதலும் உள்ளவை: கபடி, குத்துச்சண்டை, பனை தென்னை ஏறுதல். மரமேறிப் பிழைப்பவருக்கு இது வேறு தொழில் தேட வேண்டிய விஷயம். வால்வின் வகையை முடிவுசெய்யும் முன்பே இதைப் பேசியாக வேண்டும். பாடகர் மிக் ஜாகர் 2019 ஏப்ரலில் வால்வு சிகிச்சை பெற்று ஜூனில் சிகாகோ மேடையில் ஆடியதை உதாரணம் காட்டுவதுண்டு. அவருக்குச் செய்தது நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியே வால்வைச் செலுத்தும் முறை. 2002இல் பிரான்சில் அலேன் கிரிபியே தொடங்கிவைத்தது. நெஞ்செலும்பு அறுக்கப்பட்டவர் அந்தக் கணக்கைத் தனக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

பிள்ளைப்பேறு. உலோக வால்வுள்ள பெண் கருவுறுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்துள்ளது. வார்ஃபரின் ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை கருவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டித் தாயின் உயிருக்கே கேடு. ரத்தம் உறையாமல் காக்கும் ஹெபரின் ஊசிக்கு மாறும் திட்டத்தை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து கருவுறும் முன்பே வகுக்க வேண்டும். இந்தப் பேச்சு திருமணத்துக்குப் பின் அல்ல, அறுவைக்கு முன்பே நடக்க வேண்டியது.

தொற்றும் எச்சரிக்கையும். செயற்கை வால்வில் கிருமி குடியேறினால் அகற்றுவது கடினம். அதற்கு வாய் ஒரு முக்கிய வழி. பல் பிடுங்கவோ ஈறைத் தொடும் சிகிச்சைக்கோ போகுமுன், ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு 2 கிராம் அமாக்சிசிலின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகத் தருவது வழக்கம். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தத்தை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, வால்வு மாறிவிட்டதாலேயே நின்றுவிடாது; எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

உலோக வால்வின் டிக் டிக் ஓசை அமைதியான இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடக் கேட்கலாம். அது கோளாறு அல்ல. பழகிய அந்த ஓசை திடீரென மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சுத்திணறல் வந்தாலோ, வால்வில் ரத்தம் கட்டியிருக்கக்கூடும். மறுநாள் வரை காத்திருக்காமல், எக்கோ பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நேரமே போக வேண்டும்.