ஸ்கூபா முக்குளிப்போரில் இரு பிரிவினர்

பிரான்சின் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் 1943-இல் 'அக்வாலங்' என்னும் மூச்சுக் கருவியை உருவாக்கினர். உருளையில் அழுத்தி அடைத்த காற்றை, மூச்சிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ப இது தரும். மேலிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்பத் தேவையில்லை.

1966-இல் அமெரிக்காவில் 'பாடி' என்ற பயிற்சி அமைப்பு தொடங்கியது. இத்தகைய அமைப்புகளால் ஸ்கூபா ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. தொடக்கநிலைப் பயிற்சி பெற்றவருக்கு 18 மீட்டரும், கூடுதல் பயிற்சி பெற்றவருக்கு 40 மீட்டரும் ஆழ எல்லைகள். இடர் வந்தால் நேராக மேலே ஏறிவிடலாம் என்பதே இவர்களுக்குரிய பாதுகாப்பு.

நீருக்கடிக் குகைகளில் மூழ்குவோருக்கு அந்த வழி இல்லை. தலைக்கு மேல் பாறை. புளோரிடாவின் குகைகளில் பலர் இறந்தனர். அங்கு மூழ்கிவந்த கணித ஆசிரியர் ஷெக் எக்ஸ்லி, குகை விபத்துகளை ஆராய்ந்து 1979-இல் ஒரு கையேடு எழுதினார். வாயிலிலிருந்து அறுபடாத வழிக்கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே செல்லச் செலவிட வேண்டும். ஒரு பங்கு திரும்புவதற்கு, மற்றொன்று ஆபத்துக்கு.

எனவே இரு பிரிவினரையும் வேறுபடுத்துவது துணிச்சல் அன்று. பிறரின் மரணத்திலிருந்து பாடம் கற்று, இறங்கும் முன்பே திரும்பும் வழியைக் கணக்கிடும் பழக்கமே. எக்ஸ்லியும் 1994-இல் மெக்சிகோவின் சகாத்தோன் நீர்ப்பள்ளத்தில் மிக ஆழத்திற்கு இறங்கியபோது உயிரிழந்தார். அவர் வலியுறுத்திய விதிகள் இன்றும் குகைப் பயிற்சியின் அடிப்படையாக உள்ளன.