எடைக்கல்லின் நீதி

சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் சிறை ஒன்றில் கவிதைப் பட்டறை நடத்தப் போயிருந்தேன். மறக்க முடியாத ஒரு சொல்லை எழுதச் சொன்னேன். பிள்ளையின் பெயர், ஊரின் பெயர் என்று பலர் எழுதினார்கள். நடுவயதுப் பெண் ஒருவர் மட்டும் '21 கிலோ' என்று எழுதியிருந்தார். ரயிலில் அவர் காலடியில் இருந்த கஞ்சா மூட்டையின் எடை அது. “ஒரு கிலோ கொறஞ்சிருந்தா பெயிலாவது கெடச்சிருக்கும் டீச்சர்” என்றார்.

அந்த ஒரு கிலோவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. கடத்தல்காரர்களை அச்சுறுத்த அது போதாது என்றுதான் 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் வந்தது. ஹெராயின் கடத்தினாலோ விற்றாலோ குறைந்தபட்சமே 10 ஆண்டு. 1989இல் பிணை இறுக்கப்பட்டது. பெருமளவு சரக்குடன் மீண்டும் குற்றம் செய்தால் கட்டாய மரண தண்டனை என்பதும் சேர்ந்தது. தெருமுனையில் ஒரு பொட்டலம் விற்றவருக்கும் சரக்கின் சொந்தக்காரருக்கும் தொடக்கம் ஒரே 10 ஆண்டுதான்.

2001இல்தான் சிறிய அளவு, வணிக அளவு என்று பிரித்தார்கள். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு. கட்டாய மரண தண்டனையை 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2014இல் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது.

இவை முன்னேற்றங்களே. ஆனால் எடை வேறு, குற்றத்தில் ஒருவரின் பங்கு வேறு. சுமப்பவர் கையில்தான் எடை இருக்கும்; முதலாளி கையில் ஒரு கிராம்கூட இருக்காது. நான் அங்கே பேசிய பெண்களில் முதலாளி ஒருவருமில்லை. கடனுக்காகச் சுமந்தவர்கள், கணவன் கொடுத்த பையைக் கேள்வி கேட்காமல் தூக்கியவர்கள்.

சட்டத்தின் 32-பி பிரிவு, குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனையைக் கூட்டுவதற்கான காரணங்களை வரிசைப்படுத்துகிறது. குறைப்பதற்கு அப்படியொரு பட்டியல் இல்லை. சிகிச்சைக்கு வழிவிடும் 39, 64-ஏ பிரிவுகள் போதைக்கு அடிமையானவர்களுக்கானவை. வறுமையால் சுமந்தவருக்கு அந்த வாசல் திறக்காது. பணமோசடித் தடுப்புச் சட்டம்கூடப் பிணையில் பெண்களுக்கு விலக்களிக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவில் அதுவும் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் நடைமுறைக்கு வந்த தண்டனை நெறிமுறை, அளவோடு சேர்த்து ஒருவரின் பங்கையும் பார்க்கச் சொன்னது. தலைமை தாங்கியவரா, மிரட்டலுக்குப் பணிந்து சுமந்தவரா என்று நீதிபதி கேட்க வேண்டும். பிறரின் சரக்கைச் சுமந்து எல்லை கடந்தவர்களின் தண்டனையைக் குறைப்பது அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று.

தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. போதையில் படிப்பை விட்ட மாணவர்களின் தாய்மார்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கும் நீதி வேண்டும். ஆனால் கூலிக்குச் சுமந்தவளைப் பத்தாண்டு அடைத்துவைத்தால் முதலாளி அஞ்சுவதில்லை. அடுத்த ரயிலுக்கு இன்னொருத்தியைத் தேடிக்கொள்கிறான்.

யார் அனுப்பியது, எதற்காக ஒப்புக்கொண்டாய், வெளியே போனால் எதைக்கொண்டு பிழைப்பாய்? தராசைத் தூக்கும் முன் சட்டம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பட்டறை முடிந்து தாள்களைத் திரும்பக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. “நீங்களே வச்சுக்குங்க டீச்சர், எனக்கு மனப்பாடம்” என்றார்.