ஒரு சுவிட்ச், ஐந்தரை மணி நேரம்

போன மாசம் டெஸ்ட் சர்வர்னு நெனச்சு லைவ் சர்வர்ல ஒரு கமாண்ட் தட்டிட்டேன். எந்த சர்வர்ல இருக்கேன்னு திரையிலேயே இருந்துச்சு, நான்தான் பார்க்கல. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படிச்சதுதான் கொரியன் ஏர் 007 கதை.

1983 ஆகஸ்ட் 31. நியூயார்க்கிலிருந்து வந்த போயிங் 747, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்புகிறது. ரோமியோ 20 என்ற அதன் பாதைக்கும் சோவியத்தின் கம்சட்கா வான் எல்லைக்கும் இடைவெளி சுமார் 30 கிலோமீட்டர்தான். அத்துமீறினால் எச்சரிக்காமலே சுடப்படலாம்னு விமானிகளின் வரைபடத்திலேயே அச்சடிச்சிருந்தது.

ஆட்டோபைலட்டில் ஹெடிங் மோடு என்றால் விமானம் ஒரே திசையில் போய்க்கிட்டே இருக்கும். ஐஎன்எஸ் மோடு என்றால் பதிவு செய்த பாதையைப் பிடித்துப் போகும். ஆனா ஒரு சிக்கல்: பாதையிலிருந்து 7.5 கடல் மைலுக்குள் இருந்தால்தான் ஐஎன்எஸ் பிடிக்கும். இல்லன்னா சுவிட்சைத் திருப்பினாலும் பழைய திசையிலேயே ஓடும். சுவிட்சைத் திருப்பவே இல்லை, அல்லது லேட்டா திருப்பினாங்க என்பது 1993-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு சொன்ன முடிவு.

ஐந்தரை மணி நேரம். சரியான பாதையில் இருக்கோம்னு நம்பியே விமானிகள் ரேடியோவில் தகவல் சொல்லிக்கிட்டு வர்றாங்க. பின்னால் வந்த இன்னொரு கொரியன் ஏர் விமானம் சொன்ன காற்றுக் கணக்கும் இவங்க கணக்கும் ஒத்துப்போகல. ஒருத்தருக்கும் உறைக்கல.

அன்னிக்கு ராத்திரி கம்சட்கா பக்கம் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சுற்றிக்கிட்டிருந்தது. சோவியத் ராணுவத்துக்குச் சந்தேகம் வர அது போதும். சகலின் தீவுக்கு மேல் சுகோய்-15 விமானி ஒசிபோவிச் பீரங்கியால் எச்சரித்துச் சுட்டார். ஒளிரும் குண்டுகள் இல்லை, இருட்டில் எதுவும் தெரிந்திருக்காது. அதே நேரம் டோக்கியோ அனுமதியோடு 747 இன்னும் மேலே ஏறியது, வேகம் குறைந்தது. தப்பிக்கப் பார்க்குதுன்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. ஏவுகணை பாய்ந்தது. 269 பேர், ஒருத்தரும் பிழைக்கல. அப்போ விமானம் தன் பாதையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருந்தது.

இதனாலதான் ஜிபிஎஸ் பிறந்ததுன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. தப்பு. அது ஏற்கெனவே உருவாகிக்கிட்டிருந்தது. தயாரானதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம்னு ரீகன் அரசு அறிவித்தது அந்த செப்டம்பரில். பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது என்ற சட்டப்பிரிவு 1984-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1998 ஆச்சு!

ஆட்டோபைலட் எந்த மோடில் இருக்குன்னு பளிச்சுனு தெரியுற மாதிரி பெரிய விமானங்களில் மாற்றம் செஞ்சாங்க. நானும் லைவ் சர்வர் திரைக்குச் சிவப்பு நிறம் போட்டுட்டேன்.