அட்ரோபின்

அட்ரோபின் என்பது ஊமத்தை உள்ளிட்ட கத்தரிக் குடும்பத் தாவரங்களில் கிடைக்கும் ஆல்கலாய்டு. செல் மேற்பரப்பிலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகளைத் தடுப்பது. பல்லடம் முதலான கொங்குப் பகுதிகளின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் ஊமத்தை தானாக வளர்கிறது. செடி முழுவதும் நஞ்சுடையது.

வகை, செயல்முறை: போட்டித் தடுப்பான். நரம்புச் சமிக்ஞைக் கடத்தியான அசிட்டைல்கோலின் பிணையும் இடத்தை ஏற்பியில் தான் பிடித்துக்கொண்டு, சமிக்ஞை செல்லுக்குள் செல்லாமல் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் மிகுந்தால் தடை தளரும். ஏற்பியின் 5 துணைவகைகளையும் தடுப்பதால், குறிப்பிட்ட ஒன்றைத் தனித்தறிய இது உதவாது. கண்மணி விரிதல், வாய் உலர்தல், இதயத் துடிப்பு விரைதல் ஆகியன விளைவுகள்.

வரலாறு: 1878இல் ஜான் லாங்லி, பைலோகார்ப்பின் தூண்டிய பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பை அட்ரோபின் நிறுத்துவதைக் காட்டினார். இவ்வகை ஆய்வுகள் 1905இல் அவர் முன்வைத்த ஏற்பிக் கருத்துக்கு அடிகோலின. 1914இல் ஹென்றி டேல் அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக், நிக்கோட்டினிக் விளைவுகளைப் பிரித்தறிந்தார்.

முக்கியத்துவம்: ஏற்பி ஆய்வில் ஒப்பீட்டுத் தடுப்பான். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி நஞ்சேற்றத்தில் உயிர்காக்கும் மருந்து. நுரையீரலில் சளிநீர் வற்றும்வரை அளவு உயர்த்தப்படும். நிக்கோட்டினிக் ஏற்பிகளால் நேரும் தசைத் தளர்ச்சியை இது நீக்காது.