அரிக்கமேடும் மிஸ்ரும்: பானை ஓடுகள் பகரும் சாட்சி

புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது அரிக்கமேடு. 'பெரிப்ளூஸ்' என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. 1945இல் மார்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கு அகழாய்வு செய்தனர். மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகளும், இத்தாலிய மட்கலங்களும், உள்ளூரிலேயே செய்த கண்ணாடி மணிகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன.

இதனை 'ரோமானிய வணிகம்' என்று கூறுவது வழக்கம். அக்கூற்றில் பிழையில்லை, எனினும் அது முழுமையன்று. கி.மு. 30இல் ரோமின் ஆட்சிக்கு உட்பட்ட எகிப்தின் வழியாகவே இவ்வணிகத்தின் பெரும்பகுதி நடைபெற்றது. அலெக்சாந்திரியாவில் ஏற்றப்பட்ட சரக்குகள் நைல் நதியில் கோப்தோஸ் வரை சென்றன. அங்கிருந்து ஒட்டகங்கள் அவற்றைப் பாலைவனம் கடந்து செங்கடல் துறைகளுக்குச் சுமந்தன. பின்னர் பருவக்காற்று கப்பல்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மியோஸ் ஹோர்மோஸ் என்ற ஒரே துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியா நோக்கிச் சென்றதாக ஸ்டிராபோ எழுதியுள்ளார்.

எகிப்தை நாம் 'மிஸ்ர்' என்று அறிவோம். யூசுப் (அலை), மூஸா (அலை) ஆகியோரின் வரலாறுகளோடு நம் உள்ளத்தில் பதிந்துவிட்ட நாடு அது. ஆயினும் அதன் பழமையை எண்ணும்போது ஃபிர்அவ்ன்களும் பிரமிடுகளுமே முதலில் நம் கண்முன் தோன்றுகின்றன. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துளைகளில் மிளகு மணிகள் இருந்தன. மன்னனுக்கு எட்டிய அந்த மிளகைச் சுமந்துசென்றவர்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

ஆனால் பிற்காலத்தில் வந்த சிலரின் பெயர்கள் எட்டியுள்ளன. பண்டைய மியோஸ் ஹோர்மோஸ் துறையாகிய குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றோர் ஓட்டில் உள்ள சொற்களை, உறியில் தொங்கவிடும் பானையைக் குறிப்பனவாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். பெரெனிகே துறையில், செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியச் சேமிப்புச் சாடி ஒன்றினுள் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. நாம் வீட்டில் வழங்கும் 'உறி' என்ற சொல்லைச் செங்கடற்கரையில் ஒருவர் எழுதிவைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. மன்னரின் ஆணையால் எழுந்த கல்வெட்டன்று அது. தம் பொருளை அடையாளமிட விரும்பிய எளிய மனிதரின் கையெழுத்து.

அதே குசைர் அல்-கதீம் இஸ்லாமிய காலத்திலும் உயிர்பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த ஷைகு அபூ முஃபர்ரிஜ் என்ற வணிகரின் வீட்டை அகழ்ந்தபோது, கோதுமை, மாவு முதலிய சரக்குகள் பற்றிய அரபுக் கடிதங்கள் காகிதத் துண்டுகளாகக் கிடைத்தன. தமிழ் எழுதிய ஓடும் அரபு எழுதிய காகிதமும் ஒரே மணலில் கிடந்தன. அவற்றுக்கிடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு, தொழிலோ ஒன்றே.

அவ்வணிகரின் சமகாலத்தவரே பக்தாதின் பேரறிஞர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி. சுல்தான் ஸலாஹுத்தீனின் மகன் அல்-அஸீஸ் உஸ்மான், கீஸாவின் மூன்றாவது பிரமிடைத் தகர்க்க ஆள்களை ஏவினார். மாதக்கணக்கில் உழைத்தும் இயலாமல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதன் வடு வடபுறத்தில் இன்றும் உள்ளது. இச்செய்தியைப் பதிவுசெய்த அல்-பக்தாதி, புதையலாசையால் பழஞ்சின்னங்களை அழிப்போரைக் கண்டித்தார். முன்னோர் சின்னங்கள் காலத்தை உணர்த்துகின்றன, வேதங்கள் கூறும் சமுதாயங்களுக்குச் சான்றாகின்றன என்பது அவர் வாதம். தம் மார்க்கத்தைச் சேராத மக்கள் கட்டியவை என்பதால் அவற்றை அவர் புறக்கணிக்கவில்லை. அறிவின் கண்ணியம் இதுவே.

இந்த அளவுகோலால் நம்மையும் அளந்துபார்க்க வேண்டும். இன்று அரிக்கமேடு செல்வோர் அங்குக் காணும் செங்கல் சுவர்கள், 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்தின் எச்சங்கள். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன; வீலர் ஆராய்ந்த கரையை ஆறு அரித்துவந்துள்ளது. கண்டெடுத்தவற்றுள் சிலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

பிரமிடைச் சுல்தானின் ஆள்களாலும் தகர்க்க இயலவில்லை. பானை ஓட்டுக்கோ அத்தகைய வலிமை இல்லை. ஒரு மழைக்கால வெள்ளமே அதற்குப் போதும். கணனும் சாதனும் எத்துறையிலிருந்து கப்பலேறினர் என்பதற்கான விடை, இத்தகைய ஆற்றங்கரைகளில்தான் புதைந்திருக்கக்கூடும். அந்த மண்ணைக் காப்பது, மிஸ்ர் வரை சென்ற நம் முன்னோர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.