மலைநாட்டுக் கிறிஸ்தவப் பாடசாலைகளும் மாணவர் விசுவாசமும்

டிக்கோயாவைக் கடந்து நோர்வூட் நோக்கிச் செல்லும் பாதையில், காசல்றீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக, கருங்கல்லாற் கட்டப்பெற்ற சிறியதொரு தேவாலயம் நிற்கின்றது. வோர்லி தேவாலயம் என வழங்கும் அக்கோயில் 1878ஆம் ஆண்டில் எழுந்தது. அக்காலத்துத் தோட்டத் துரைமார் ஞாயிறுதோறும் கூடி வழிபடுவதற்காக அதனைக் கட்டினர். அதே மலைச்சாரலில், அதே காலத்தில், லயத்துப் பிள்ளைகள் சிலர் மண்ணெண்ணெய் விளக்கைச் சூழ்ந்திருந்து அரிச்சுவடியும் செபமும் ஒருங்கே கற்றுவந்தனர். அவர்கள் கற்ற இடத்துக்குக் கருங்கற் சுவர் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆயினும் மலைநாட்டிலே கிறிஸ்தவக் கல்வியின் வரலாறு அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

மாணவர் உள்ளத்தில் விசுவாசத்தையும் நல்லொழுக்கத்தையும் வளர்ப்பது கிறிஸ்தவப் பாடசாலைகளின் தலையாய நோக்கமெனச் சொல்லப்பட்டது. அந்நோக்கம் எவ்வாறு நிறைவேறிற்று, எங்கே தவறிற்று, இன்று அப்பணி யாருடைய கையில் உள்ளது என்னும் மூன்று வினாக்களையும் இப்பேச்சிலே ஆராய்வோம்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய காலத்தில், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாக இம்மலைகளுக்கு வந்தனர். அவர்களிடையே சமயப் பணி செய்யவென 1854ஆம் ஆண்டில் அங்கிலிக்கன் சபையாரின் மிஷன் ஒன்று நிறுவப்பட்டது. திருநெல்வேலித் திருச்சபை தன் உபதேசிமார் சிலரை இங்கு அனுப்பி வைத்தது. தோட்டந்தோட்டமாக நடந்து சென்று ஊழியம் புரிந்த உபதேசியார், வாய்த்தவிடத்து ஆசிரியராகவும் விளங்கினார். பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், பிள்ளைகளுக்கு வேதக் கதைகளைக் கூறுவதும், நோயுற்றோரைச் சென்று காண்பதும் அவர் கடமைகளாயின.

அந்த மிஷனுக்கு முதலில் இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதாகும். இப்பெயரை நாம் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். மனிதன் ஒவ்வொருவனும் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைப் போதனை. அப்போதனையைக் கொண்டு வந்தவர்களே, அதனைக் கேட்க வந்தவர்களைக் கூலிகள் என்று பெயரிட்டழைத்தனர். அன்றைய வழக்கு அதுவென்று சமாதானம் கூறலாம். ஆயினும், பெயரிலேயே தாழ்வைச் சுமந்த ஒரு பிள்ளைக்கு, நீ தேவனுடைய பிள்ளை என்று கற்பிப்பது எத்துணை இடர்ப்பாடான காரியம்! பிற்காலத்தில் அப்பெயர் கைவிடப்பட்டு, திருச்சபையைக் குறிக்கும் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. சொல் மாறியது சிறு செயலன்று. ஒழுக்கக் கல்வி, கற்பவனை மதிப்பதில் தொடங்குகின்றது என்னும் உண்மையைக் கற்பித்தவர்களே கற்றுக்கொண்டமைக்கு அஃது ஓர் அடையாளம்.

மலைநாட்டின் கதையை விளங்கிக்கொள்ள வடபுலத்து வரலாற்றையும் நோக்குதல் தகும். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகத்தை நிறுவினர். டானியல் பூர் அதன் முதல் அதிபராயினார். தமிழிலக்கியம், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் யாவும் அங்கே பயிற்றப்பட்டன. ஆசியா முழுவதிலும் அதற்கு நிகரான கல்விக்கூடங்கள் அந்நாளில் மிகச் சிலவே இருந்தன எனலாம். எனினும் 1855ஆம் ஆண்டில், அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவினர் அதனை மூடிவிடத் தீர்மானித்தனர். மாணவர் ஆங்கிலம் கற்பது உத்தியோகத்துக்காகவே என்றும், கற்றபின் அவர்கள் சபைக்குப் பயன்படுவதில்லை என்றும் அவர்கள் கருதினர்.

அத்தீர்மானம் சரியா, தவறா? மிஷனின் நோக்கம் மக்களைக் கிறிஸ்தவராக்குதலே எனக் கொண்டால், கணக்குப் பார்த்தவர்களின் கணக்கு ஒருவாறு சரியெனலாம். ஆனால், ஊர் மக்கள் அவ்வாறு கருதவில்லை. கல்விக்கூடம் வேண்டுமென்று பழைய மாணவரும் பெரியோரும் முயன்றதன் பயனாக, 1872ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. மிஷன் எதனைத் தோல்வியென்று எழுதியதோ, அதனையே மக்கள் மீண்டும் கேட்டு வாங்கினர். ஞானஸ்நானம் பெற்றோர் தொகையைக் கொண்டு ஒரு பாடசாலையை அளக்க இயலாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இதனினும் ஆழ்ந்த பாடமொன்றை ஆறுமுக நாவலரின் வாழ்க்கை தருகின்றது. 1822ஆம் ஆண்டிற் பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கம் செய்தபோது அவருக்கு உறுதுணையாயிருந்தார். அத்தகையவர், 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல், சமயபாடம், பிரசங்கம் எனத் தாம் மிஷன் பாடசாலையிற் கண்ட முறைகளையே சைவத்தின் பொருட்டு அவர் கையாண்டார். வட்டுக்கோட்டையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிப் பின்னர் பண்டைத் தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவரும் சைவராகவே மறைந்தார்.

இவ்விருவரையும் இழந்தமை மிஷனுக்கு நட்டமே என்று அக்காலத்தார் எண்ணியிருக்கலாம். இன்று நோக்குமிடத்து வேறொன்று புலனாகின்றது. தன் சமயத்தை மெய்யெனப் பற்றிநிற்கும் ஆசிரியரிடம் பயின்ற மாணவன், தன் சமயத்தையும் மெய்யாகப் பற்றக் கற்றுக்கொள்கிறான். விசுவாசம் என்பது ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்குக்குச் சுடர் செல்வதைப் போன்றது. இரண்டாம் விளக்கு எந்தக் கோயிலில் எரியும் என்பதை முதல் விளக்கு தீர்மானிப்பதில்லை.

இனி, மலைநாட்டின் தலைநகராகிய கண்டிக்கு வருவோம். 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக, 1904 முதல் 1924 வரை ஏ. ஜி. பிரேசர் என்னும் பாதிரியார் விளங்கினார். ஆங்கிலம் ஒன்றே கல்வியென மயங்கியிருந்த அந்நாளில், தாய்மொழியைக் கல்லாத மாணவன் தன் மக்களுக்குத் தலைவனாக முடியாது என்று வாதாடி, சிங்களத்துக்கும் தமிழுக்கும் அவர் இடமளித்தார். கண்டி நகரத்து ஏழைகளின் குடியிருப்புக்களை மாணவர் நேரிற் சென்று ஆராயவும், அவர்களுக்குத் தொண்டு செய்யவும் வழிவகுத்தார். அக்கல்லூரியின் தேவாலயமும் கண்டிய மரபுச் சிற்பமுறையிலே, செதுக்கிய கற்றூண்களோடு அமைக்கப்பெற்றது. பிறநாட்டிலிருந்து வந்த சமயம் இந்நாட்டு மண்ணிலே வேர்கொள்ள வேண்டுமாயின், இந்நாட்டின் மொழியையும் கலையையும் ஏழையையும் நேசித்தல் வேண்டும் என்னும் கொள்கை அதனுள் அடங்கியிருந்தது. பிரேசர் பின்னர் ஆபிரிக்காவின் பொற்கரை நாட்டுக்குச் சென்று, அச்சிமோட்டா கல்லூரியை உருவாக்குவதில் முன்னின்றார்.

ஆனால், கண்டிக் கல்லூரியின் வாயில் தோட்டத்துப் பிள்ளைக்கு எளிதில் திறக்கவில்லை. அப்பிள்ளையின் கல்வி தோட்டத்து எல்லைக்குள்ளே நின்றது. 1907ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிருவாகத்தையே பொறுப்பாக்கின. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒருசில வகுப்புக்கள் என்பதே பெரும்பான்மையான தோட்டப் பாடசாலைகளின் நிலை. அதனைத் தாண்டிச் செல்ல விரும்பிய சிலருக்கு, ஹற்றன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, கம்பளை முதலிய நகரங்களிலிருந்த மிஷன் பாடசாலைகளே புகலிடமாயின. ஹற்றனிலே மெதடிஸ்தத் திருச்சபையின் முயற்சியால் வளர்ந்த ஹைலன்ட்ஸ் கல்லூரியும், கத்தோலிக்கத் திருச்சபையாரின் புனித ஜோன் பொஸ்கோ கல்லூரியும், பெண்பிள்ளைகளுக்கான புனித கபிரியேல் மகளிர் பாடசாலையும் இவ்வரிசையில் நினைவுகூரத் தக்கன. கணக்கப்பிள்ளை, கங்காணி, கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளும், அரிதாகத் தொழிலாளியின் பிள்ளையும் அங்கே ஒரே வாங்கில் அமர்ந்தனர். சாதி பார்த்து இடம்விட்டு அமரும் வழக்கம் வேரூன்றியிருந்த சமுதாயத்தில், அவ்வாங்கு எந்தப் பிரசங்கத்தினும் வலிமை வாய்ந்த ஒழுக்கபாடமாயிற்று.

அப்பாடசாலைகளில் இந்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராயிருந்தனர். மலையகத் தொழிலாளரின் தலைவராகப் பின்னாளில் உயர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமான், கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிலே கற்றவர். தம் சமயத்தை விட்டவரல்லர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், கொழும்பிலே கிறிஸ்தவ இளைஞர் முன் பேசியபோது, மலைப்பிரசங்கத்தின்பால் தமக்குள்ள ஈடுபாட்டை எடுத்துரைத்தார். தம்மை இந்து என்று சொல்லிக்கொண்டே அவ்வாறு உரைத்தார். அயலான் நூலிலுள்ள நன்மையை அஞ்சாது ஏற்றலும், தன் நெறியில் வழுவாது நிற்றலும் ஒருவரிடத்தே கூடியிருக்கலாம் என்பதற்கு அது சான்று.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. கல்விச் சலுகைக்காகவும் ஆசிரிய உத்தியோகத்துக்காகவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இந்நாட்டில் இருந்தனர். வீட்டிலே திருநீறு, பாடசாலையிலே செபம் என இரண்டு முகங்களோடு வளர நேர்ந்த பிள்ளைகளும் இருந்தனர். அவ்வாறான விசுவாசம் ஒழுக்கத்தை வளர்ப்பதில்லை, பாசாங்கையே வளர்க்கும். பெற்றோர் விரும்பாதவிடத்துப் பிள்ளைக்குப் பிற சமயம் கற்பித்தலாகாது என்னும் மனச்சாட்சி விதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கல்விச் சட்டங்களில் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். அவ்விதி சமயத்துக்குப் பகையென்று சிலர் வருந்தினர். உண்மையில், அது சமயத்தின் மானத்தையே காத்தது.

பின்னர் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. அரசின் உதவிபெற்ற சமயப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. சில மட்டும் உதவியின்றித் தனித்து நின்றன. மலைநாட்டு மிஷன் பாடசாலைகள் பலவும் அரசினர் பாடசாலைகளாயின. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி அதற்கும் பின்னரே நடைபெற்றது. தம் கையாற் கட்டியவற்றை இழந்த சபையாரின் துயரம் பொய்யன்று. அதே வேளையில், ஒரு பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தைத் தன் பாடசாலையிலேயே அச்சமின்றிக் கற்கும் உரிமை பரவலாயிற்று என்பதும் பொய்யன்று. இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏற்பதே நடுநிலை.

இன்று எமது பாடசாலைகளிலே சமயம் கட்டாய பாடம். பிள்ளைகள் தத்தம் சமயத்தைக் கற்று, க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கும் தோற்றுகின்றனர். இங்கேதான் ஒரு கவலை எழுகின்றது. தோட்டப்புறத்து வகுப்பொன்றில் நாற்பது பிள்ளைகளுள் நால்வர் கிறிஸ்தவராயின், அந்நால்வருக்கெனத் தகுதிபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பெறுதல் எளிதன்று. அவர்கள் சமயபாட வேளையிலே வகுப்பின் பின்வரிசையில் வாளாவிருக்க நேரின், சட்டம் அளித்த உரிமை ஏட்டிலே நின்றுவிடும். அருகிலுள்ள பாடசாலைகள் இரண்டு மூன்று கூடி ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். சபைக் குருவானவரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியரும் அதிபரோடு கலந்து திட்டமிடலாம். இவை பெரும் பணம் வேண்டும் காரியங்களல்ல. மனம் வேண்டும் காரியங்கள்.

பரீட்சையில் அதிவிசேட சித்தி பெறுவது விசுவாசத்துக்கு அளவுகோலாகாது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. பத்துக் கட்டளைகளை வரிசை பிறழாது எழுதும் மாணவன், கொழுந்து பறிக்கும் தன் தாயைப் பிறர் முன்னிலையில் தாய் என்று சொல்ல வெட்குவானாயின், அவன் எழுதிய விடை பிழையே. புதிதாய் வந்த ஏழைப் பிள்ளைக்குத் தன் வாங்கில் இடங்கொடுப்பவன், எழுத்திலே தடுமாறினும் பாடத்தைக் கற்றவனாவான். அவ்வாறு கற்பிக்கும் கடமை அரசினர் பாடசாலை அதிபராகிய எம் போன்றோருக்கும் உண்டு. அதிலிருந்து எந்தச் சட்டமும் எம்மை விடுவிக்கவில்லை.

லயத்துத் திண்ணையிலே விளக்கேற்றிய உபதேசியாருக்குக் கட்டடமும் இல்லை, நிதியுதவியும் இல்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களிடம் இருட்டிலே நடந்து சென்று, அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அருகிருத்தி எழுத்துக் கற்பித்தார். கட்டடங்கள் கைமாறின, நிருவாகங்கள் மாறின. பிள்ளையைத் தேடிச் செல்லும் அந்த நடை மட்டும் நின்றுவிடாதிருக்குமாயின், அவர் விட்டுச்சென்ற பணி இம்மலைகளிலே தொடர்ந்து நடைபெறும்.